தோல் நாட்டில் ஒரு துணிக்கூரை

திறந்த கார் எனப்படும் பழைய மோட்டார் வண்டி உண்மையில் கூரையில்லாத வண்டியன்று. வேண்டும்போது விரிக்கவும் வேண்டாதபோது பின்னிருக்கைக்குப் பின்னால் மடித்துவைக்கவும் கூடிய துணிக்கூரை ஒன்றும், கதவுகளின்மேல் செருகிக்கொள்ளும் பக்கத்திரைகளும், ஆளில்லாத இருக்கைகளை மூடிவைக்கும் விரிப்பும் அதற்கு உண்டு. ஹூட் என்று இங்கு வழங்கும் இந்தக் கூரைதான் அந்த வண்டியின் உறுப்புகளிலேயே ஆயுள் குறைந்தது. சேசிஸ் நூறாண்டு நிற்கும். என்ஜினின் வார்ப்பிரும்பு இரண்டு தலைமுறைக்கொரு முறை துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தால் மறுபடி ஓடும். தகட்டு உடல், துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப்போடத் தாங்கும். ஹூட்டோ நல்ல பராமரிப்பிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டுவது அரிது என்பதால், 1920களில் செய்யப்பட்ட ஒரு வண்டியின்மேல் இன்று விரிந்திருப்பது பலமுறை மாற்றப்பட்ட கூரையாகவே இருக்கும். பழைய வண்டியைப் புதுப்பிப்பவர் அதில் எதைப் பழையது என்று காக்கிறார் என்ற கேள்வியை என்ஜினிலும் பெயிண்டிலும் ஓரளவு ஒத்திப்போடலாம். ஹூட்டில் அதற்கு வழியில்லை. அந்தக் கேள்வியை வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் ஊர்களிலிருந்து கேட்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. செத்த விலங்கின் போர்வையை அழுகாமல் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதே இந்த ஊர்களின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பிழைப்பு.

மோட்டார் வண்டியின் முதல் முப்பது ஆண்டுகளில் திறந்த உடலே பொது வழக்கு, மூடிய உடல் செல்வர்களின் விலக்கு. 1919இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் நிலையான கூரை கொண்டது. 1929க்குள் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சேவ்ரியில் வண்டி கோக்கும் ஆலையைத் திறந்தபோது வெளிவந்த முதல் ஷெவர்லேயும் திறந்த டூரர் வகைதான். சென்னை மாகாணத்தில் கார் வந்துசேர்ந்த இடம் குதிரைவண்டிப் பட்டறை: 1840இல் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றையே கட்டிப் பார்த்தது. வண்டி மாறியது, அதைக் கட்டிய கை மாறவில்லை. ஆகவே காரின் ஹூட் என்பது என்ஜினோடு பிறந்த உறுப்பன்று, குதிரை வண்டியிலிருந்து இறங்கிவந்த உறுப்பு. அதன் வளைந்த விற்களும் மடியும் கீல்களும் ஓரத்து வார்களும் கோச்சு வண்டிக்காரரின் கணக்கில் பிறந்தவை.

அந்தக் கோச்சு வண்டிகளில் உயர்ந்தவற்றின் கூரை தோலால் ஆனது. மாட்டுத்தோலைச் சீவி மெல்லியதாக்கி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் விளக்குக்கரி குழைத்துப் பூச்சின்மேல் பூச்சாகத் தடவி, ஒவ்வொரு பூச்சையும் சூட்டறையில் உலர்த்தி எடுத்தால் நீர் ஒட்டாத கரிய பளபளப்புத் தோல் கிடைக்கும். வண்டிக்கூரைக்கென்றே செய்யப்பட்ட சரக்கு அது. கனமானது, விலை கூடியது, மடிப்பு விழும் கோடுகளில் பூச்சு வெடிப்பது, எண்ணெய் காட்டாமல் ஒரு கோடையைத் தாண்டாதது. அதன் இடத்தைப் பிடித்தது, பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பஞ்சுக்கூழ்ப் பூச்சைத் தடவி, சூடான உருளையால் தோலின் மணிகளை அச்சடித்த போலித்தோல். அமெரிக்காவில் ஃபேப்ரிகாய்டு என்ற பெயரில் விற்ற இதைச் செய்த நிறுவனத்தை வெடிமருந்து வியாபாரியான டுபான்ட் 1910இல் வாங்கியது தற்செயலன்று. வெடிபஞ்சும் போலித்தோலும் ஒரே வேதிப்பொருளின் இரு வடிவங்கள். இங்கிலாந்தில் இதன் உடன்பிறப்பாக ரெக்சின் வந்தது. அந்த வணிகப் பெயர் தமிழில் பொதுப்பெயராகி, சோபா முதல் ஸ்கூட்டர் சீட்டு வரை எல்லாவற்றின்மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆக, தோல் ஊர்கள் தங்கள் பெரும் வளர்ச்சியைக் கண்ட அதே நூற்றாண்டில் வண்டிக்கூரையிலிருந்து தோல் முற்றாக இறங்கிப்போயிற்று. மழைக்கும் வெயிலுக்கும் எதிரே நின்ற பொருள் உள்ளே போய், இருக்கையாகவும் வாராகவும் ஓரப் பைப்பிங்காகவும், இன்னொரு கூரையின் காவலில் வாழத் தொடங்கியது.

இங்கு பதனிட்ட தோலின் வரலாறும் வானிலையோடு பிணைந்ததே. ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த நீரில் தோலை மூழ்கவைத்துப் பதனிடுவது தென்னாட்டு வழக்கம். பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்பொருள் தோல் நார்களோடு பிணைந்து, அழுகல் நுண்ணுயிர்கள் அவற்றை உண்ண முடியாதபடி செய்கிறது. ஆனால் ஆவாரையால் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். 1840களில் புதுச்சேரியில் வாழ்ந்த சார்லஸ் டி சூசா என்ற ஆங்கிலோ-இந்தியர், பதனிட்டு முடித்த தோலைக் கடைசியாகக் கடுக்காய் நீரில் நனைத்தால் அதன் வெளிர்மஞ்சள் நிறம் நிற்கும் என்று காட்டியதாக அக்காலத் தொழில் குறிப்புகள் சொல்கின்றன. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் சந்தையில் ஏலம் போன சரக்கின் அடிப்படை இந்த ஆவாரை–கடுக்காய் முறைதான். காலணியின் மேற்பகுதிக்கும் உள்ளுறைக்கும் அது பெரிதும் விரும்பப்பட்டது. புத்தகக் கட்டுக்கு நிலைமை வேறு. லண்டனில் கலைக் கழகம் அமைத்த குழு, 1901இலும் 1905இலும் அளித்த அறிக்கைகளில், இந்தியப் பட்டையால் பதனிட்ட ஆட்டுத்தோல் ஓராண்டுக்குள்ளேயே சிவந்து பொடியத் தொடங்குகிறது என்று கண்டித்தது. எரிவாயு விளக்குகளின் புகையிலிருந்த கந்தக அமிலம் ஆவாரை வகை டானினைத் தாக்கியதே காரணம். கடுக்காய் வகை டானின் அதை ஓரளவு தாங்குகிறது. ஒரே தோல் காலில் போட்டால் நல்லதென்றும் அலமாரியில் வைத்தால் கெட்டதென்றும் தீர்ப்புப் பெற்றது விந்தையல்ல. எந்தப் போர்வையும் தன்னளவில் நீடித்ததன்று. எந்தக் காற்றில், எந்த வெளிச்சத்தில், எப்படி மடிக்கப்பட்டு என்பதோடு சேர்த்துத்தான் அதன் ஆயுளைச் சொல்ல முடியும்.

இது வண்டியைப் புதுப்பிப்பவருக்கு நேரடியாக உதவும் அறிவு. குரோமிய உப்பால் பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் 1903 வாக்கில் சென்னையில் சோதித்துப் பார்த்தார்; சேம்பர்ஸ் என்பவர் 1912இல் பல்லாவரத்துக்கு அருகில் நிறுவிய குரோம் லெதர் ஆலையால் அந்த இடமே குரோம்பேட்டை ஆயிற்று. குரோம் தோலை ஈரத்தோடு நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் பெரிதாகச் சுருங்காது. பட்டையால் பதனிட்ட தோலோ எழுபத்தைந்து, எண்பது டிகிரியிலேயே சுருங்கி இறுகிவிடும். நனைந்த வாரையோ இருக்கையையோ மே மாதத்துக் கருந்தகட்டின் அருகே காயப்போடுவது எவ்வளவு கெடுதல் என்பது இதிலிருந்தே விளங்கும். ஹூட்டை விற்களோடு கட்டும் வார்களும் அதை மடித்தபின் இறுக்கும் பட்டைகளும் பெரும்பாலும் மரப்பட்டையால் பதனிட்ட தோலே. அவற்றில் இரும்பு ஆணி அடித்தால், ஈரம் பட்ட முதல் மாதத்திலேயே ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். இரும்பும் டானினும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து எழுத்துமை காய்ச்சிய நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. கறை அழகுக் கேடு மட்டுமன்று, அந்த இடத்தில் தோலின் நாரும் செத்துப்போகும். ஆகவே பித்தளை ஆணி, செம்பு ரிவெட், வெள்ளீயம் பூசிய சிற்றாணி என்பவை பகட்டுக்காகச் சொல்லப்பட்டவையல்ல.

இனி ஹூட்டின் அமைப்பு. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் கொக்கியால் மாட்டும் ஒரு மரச்சட்டம், அதற்குப் பின்னால் மூன்றோ நான்கோ விற்கள். பழைய வண்டிகளில் இவை நீராவியில் வளைத்த ஆஷ் மரம், பிற்காலத்தில் எஃகுக்குழாய். விற்களின் இடைவெளியைத் தீர்மானிப்பது துணியன்று, அவற்றை முன்சட்டத்தோடும் உடலின் பின்விளிம்போடும் கட்டியிழுக்கும் இரண்டு தடித்த நாடாக்கள். அனுபவமில்லாதவர் செய்யும் முதல் தவறு, நாடாவை ஒப்புக்கு அடித்துவிட்டுத் துணியின் இழுவையால் விற்களை நேராக்கப் பார்ப்பது. அப்படிச் செய்த ஹூட், வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மேலே ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்து பலூனாக உப்பும். மழையில் விற்களுக்கிடையே தொட்டிகட்டி நீர் நிற்கும். நாடா அடித்து, விற்களின் நடுப்புள்ளிகளை நூலிட்டு ஒரே கோட்டில் கொண்டுவந்தபின்பே துணி ஏறவேண்டும். துணியிலும் நடுக்கோடு கிழித்து, கோட்டோடு கோடு பொருத்தி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இழுத்து, முதலில் பாதியளவு மட்டும் அடித்த தற்காலிக ஆணிகளால் நிறுத்தி, ஒருநாள் வெயிலில் விட்டு, மறுநாள் மீண்டும் இழுத்து முடிக்கவேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகிறவருக்கு மூலையில் கட்டாயம் சுருக்கம் விழும்.

இந்த இழுவைக் கணக்கு ஆம்பூரில் ஆயிரக்கணக்கான கைகளுக்குத் தெரிந்தது என்பதைக் கார்ப் பிரியர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின் இந்த ஊர்கள் முடித்த தோலுக்கும், அங்கிருந்து காலணிக்கும் நகர்ந்தன. காலணி ஆலையில் அப்பர் எனப்படும் மேற்பகுதியை வெட்டுபவர் முதலில் பார்ப்பது தோலின் நிறத்தையல்ல, அது எந்தப் பக்கம் இழுபடும் என்பதை. முதுகெலும்புக் கோட்டை ஒட்டிய பகுதி இறுகலானது, வயிற்றுப்பகுதி தொளதொளப்பானது, ஆகவே காலின் முன்பகுதிக்கு எந்தத் திசையில் அச்சை வைப்பது என்பதே அவருடைய திறமை. அப்பரை லாஸ்ட் என்னும் கால்வடிவக் கட்டையின்மேல் ஏற்றும்போதும், முனையில் முதல் பிடி, பிறகு இரு பக்கமும் ஒரே அளவு இழுவை என்ற ஒழுங்குதான். ஹூட் துணிக்குப் பாவும் ஊடும் உண்டு. இரண்டுக்கும் குறுக்கே, மூலைவாட்டில் அது மிக அதிகமாக நீளும். தோலின் இழுவையை விரலால் அறிபவருக்குத் துணியின் மூலைவாட்டைக் கற்க ஒரு பிற்பகல் போதும். மறுபக்கம், உயிரோடிருக்கும் ஹூட் தொழில் இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு பேருந்து நிலையத்தருகிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆட்டோ ரிக்‌ஷாவின் ரெக்சின் கூரை விற்களின்மேல் இழுத்துக் கட்டப்பட்ட ஹூட்டே; மழை வந்ததும் அவிழ்த்துவிடும் படுதா, 1920களின் டூரரில் இருந்த பக்கத்திரையின் நேர் வாரிசு. அதைத் தைக்கும் குஷன் கடைக்காரரிடம் ஆஸ்டின் செவன் என்ற பழைய காரின் ஹூட்டைக் கொண்டுபோனால் அவர் வியப்படைய மாட்டார். எத்தனை நாளில் வேண்டும் என்றுதான் கேட்பார்.

ஆனால் அவர் கையில் இருக்கும் பொருள் தவறானதாக இருக்கலாம், இங்குதான் கவனம் வேண்டும். பழைய டூரர்களின் கூரைக்குக் கித்தான் எனப்படும் அடர்நெசவுப் பருத்தித் துணியோ, இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே ரப்பர் தடவி ஒட்டிய இரட்டைத் துணியோ பயன்பட்டது. மெக்கின்டாஷ் 1823இல் உரிமம் பெற்ற மழைக்கோட்டுத் துணியின் வழிவந்தது இந்த இரண்டாவது வகை. இன்றைய ரெக்சின் எனப்படுவது பெரும்பாலும் பி.வி.சி. பூச்சு, அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்கள் வெயிலில் மெல்ல வெளியேறியதும் மடிப்புக் கோட்டில் வெடிக்கும், அதன் செயற்கைப் பளபளப்பும் 1928ஆம் ஆண்டு வண்டியின்மேல் உறுத்தும். மொஹேர் என்ற பெயரில் இப்போது விற்கும் துணி ஆட்டு மயிரன்று, நூலாக இழுக்கப்படும் முன்பே சாயம் ஏற்றப்பட்ட அக்ரிலிக். வெயிலை நன்றாகத் தாங்கும், ஆயினும் போருக்கு முந்திய வண்டிக்கு அது கொஞ்சம் கொழுத்த உடை. நூலிலும் இதே இக்கட்டு. பருத்தி நூல் நனைந்ததும் உப்பி, ஊசி போட்ட துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல் இறாது, ஆனால் உப்பாது. தையல் வழியே நீர் சொட்டும், மெழுகு தேய்த்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் கையேடுகள் தூறலுக்காக எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வேலூரின் மே மாதத்துக்குப் புதிதன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலையில் இடியோடு கொட்டும் மழை ஒருவகை, ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் நசநசக்கும் மழை இன்னொருவகை. இந்த ஊரில் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹூட் என்பது குடையாகவன்றி நிழலாகவே வேலை செய்கிறது; வெயிலுக்கு விரித்து வைத்திருப்பதாலேயே மழைக்கு முன்பாக அது தளர்ந்துபோகிறது. பக்கத்திரைகளை மாட்டினால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார், மாட்டாவிட்டால் பத்து நிமிடச் சாரலில் இருக்கை ஊறிவிடும். பழைய திரைகளின் ஜன்னல் செல்லுலாய்டு. ஐந்தாறு கோடைகளில் பழுத்த மஞ்சளாகி, வளைத்தால் முறியும், தீப்பொறி பட்டால் பற்றியெரியும். அதை மட்டும் அக்ரிலிக் தகட்டால் மாற்றுவதை எந்தப் புனிதவாதியும் எதிர்க்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, நனைந்த ஹூட்டை மடித்துவைப்பது. ஈரத் தோலை ஒருநாள் குவித்துப்போட்டால் என்னாகும் என்று டேனரியில் வேலைசெய்யும் யாரும் சொல்வார்கள். கித்தானுக்கு மூன்று நாள், பூஞ்சைக்கு அந்த அவகாசம் போதும்.

எது அசல் என்ற கேள்விக்குச் சட்டமும் ஒரு விடை வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் மத்திய அரசு செய்த திருத்தம், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகத்தில் ஈடுபடாத வண்டிகளை விண்டேஜ் என்று ஏற்று, 'விஏ' எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் அளிக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும் என்றும், சேசிஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரும் மாற்றம் கூடாது என்றும் விதி சொல்கிறது. ஹூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உலகப் பழங்கார் அமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், காத்தல், பழுதுநீக்கல், மீட்டமைத்தல் என்று நுட்பமாகப் பிரித்து, இயன்றவரை பழைய பொருளையே வைத்திருக்கச் சொல்கிறது. பொருளை அளவுகோலாகக் கொள்ளும் இந்தச் சிந்தனை ஹூட்டிடம் தோற்றுவிடுகிறது, ஏனெனில் ஹூட்டைச் செய்தவர்களே அதை மாற்றப்படவேண்டிய பொருளாகத்தான் செய்தார்கள். அதில் தொடர்ந்து வருவது வெட்டு: எந்த வில்லின்மேல் எந்தத் தையல் விழுகிறது, பின்திரையின் சரிவு எத்தனை, பின்கண்ணாடி எவ்வளவு சிறியது, ஓரம் கதவின் விளிம்புக்கு எத்தனை விரல் மேலே நிற்கிறது. இவை சரியாக இருந்தால் நேற்று நெய்த கித்தானும் அந்த வண்டியின் ஹூட்டே. இவை பிசகினால் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த விலையுயர்ந்த துணியும் வேற்றுத் தொப்பிதான். தயாராக வெட்டித் தைத்த ஹூட்டைத் தபாலில் வாங்கி மாட்டும் வழக்கம் இந்திய வண்டிகளுக்கு ஒத்துவராததும் இதனால்தான். இடைக்காலத்தில் உள்ளூர்க் கொல்லரும் தச்சரும் விற்களைத் திரும்ப வளைத்திருப்பார்கள், எந்த இரண்டு வண்டிக்கும் ஒரே அளவு பொருந்தாது.

பொருளை வணங்கும் மனத்துக்கு இந்த வட்டாரம் இன்னொரு கணக்கையும் காட்டுகிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வைப் பதிவுசெய்து, மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிறுத்தியது. நன்றாக இருக்கும் பழைய இருக்கைத் தோலைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக ஏழெட்டு மாட்டுத்தோலைப் போர்த்துவது வண்டிக்கு மட்டும் செய்யும் செலவன்று. கீறலையும் சாய மங்கலையும் எண்ணெயும் பசையும் கொண்டு சரிசெய்ய முடியும் வரை அந்தத் தோல் அங்கேயே இருக்கட்டும். அதன்மேல் மழை விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல ஹூட் போதும்.

அப்படியொரு ஹூட்டுக்கான ஆவணம் கழற்றப்போகும் கிழிந்த ஹூட்டிலேயே இருக்கிறது. அதைக் கத்தியால் அறுத்தெறியாமல், தையலைப் பிரித்துத் துண்டுகளாக எடுத்து, எது இடம் எது வலம் என்று சுண்ணக்கட்டியால் குறித்து, தரையில் விரித்து அட்டையில் வரைந்துகொள்ளவேண்டும். எங்கே இழுபட்டு நீண்டிருக்கிறது என்பதைக் கழித்து, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதை ஊசித்துளைகளிலிருந்து எண்ணி, பழைய ஆணித்துளைகளின் இடத்தை முன்சட்டத்தில் பார்த்துச் சேர்த்தால், தைத்தவர் பெயர் தெரியாவிட்டாலும் அவர் செய்த வேலை முழுதும் அட்டையில் வந்துவிடும். ஆம்பூர் ஆலைகளில் ஒவ்வொரு காலணி மாதிரிக்கும் வெட்டச்சைத் துளையிட்டு எண் எழுதி ஆணியில் மாட்டிவைப்பார்கள். அதேபோல இந்த அட்டைகளையும் சுருட்டி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருந்தால், பதினைந்து ஆண்டு கழித்து அடுத்த ஹூட்டைத் தைக்கப்போகிறவர் அளவெடுப்பதிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியதில்லை.